உணவகத்தில் குழாய்த் தண்ணீர் கேட்பது: ஊருக்கு ஊர் வழக்கமும் சட்டமும்

கேள்வி: அம்மாவுடன் பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட், வியன்னா ஆகிய ஊர்களுக்குச் செல்லவிருக்கிறோம். அங்குள்ள உணவகங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் தவறாக நினைப்பார்களா? சென்னையிலேயே சர்வர் பாட்டிலை நீட்டும்போது "சாதா தண்ணீர் போதும்" என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்படியே சொன்னாலும், அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா?

பதில்: பாரிஸில் தாராளமாகக் கேளுங்கள், தருவது அவர்கள் கடமை. ஃபிராங்க்ஃபர்ட்டில் வேறு ஏதாவது ஒரு பானத்தையும் வாங்கிக்கொண்டு கேளுங்கள். வியன்னாவின் காபிக் கடைகளில் பெரும்பாலும் கேட்காமலேயே காபியுடன் வந்துவிடும். சென்னையில் கேட்பதற்குக் கூச்சப்பட எந்தக் காரணமும் இல்லை. ஆனால், நம்பிக் குடிக்கலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது; சென்னையின் உணவகச் சமையலறைகளில் பல ஆண்டுகளாகச் சுகாதாரப் பயிற்சி அளித்து வருபவன் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓர் ஊரின் குழாயில் வரும் தண்ணீரின் தரம் வேறு. அந்த ஊர் உணவகத்தின் மேசைக்குத் தண்ணீர் வருகிற வழக்கம் வேறு. குழாய் நல்லதாக இருந்தால் மேசையிலும் தண்ணீர் தானாக வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். ஆனால் உணவகம் அதை இலவசமாகத் தர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. பல கடைகளில் ஒரு கோப்பைத் தண்ணீருக்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். மலேசியாவின் மாமாக் கடைகளிலும் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்கள்) வெதுவெதுப்பான வெறும் தண்ணீருக்குச் சில காசுகள் பில்லில் ஏறுவது சாதாரணம். சென்னையில் நிலைமை நேர் எதிர். எந்தச் சின்ன மெஸ்ஸில் உட்கார்ந்தாலும் இலை விழுவதற்கு முன்பே தம்ளரில் தண்ணீர் வந்துவிடும், யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிப்பதா வேண்டாமா என்று மனம் தயங்குகிறது.

பாரிஸுக்கு வருவோம். உட்கார்ந்ததும் சர்வர் "சாதாரணத் தண்ணீரா, வாயு ஏற்றியதா?" என்று கேட்பார். இரண்டுமே விலைக்கு விற்கும் பாட்டில் தண்ணீர்தான். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் பில்லில் சில யூரோக்கள் சேர்ந்துவிடும். அந்த இடத்தில் "ஊன் கராஃப் தோ, சில் வூ ப்ளே" என்று சொன்னால் போதும். கண்ணாடிக் குடுவையில் குழாய்த் தண்ணீர் வரும். அங்குள்ளவர்களே தினமும் அப்படித்தான் கேட்கிறார்கள், எனவே முகம் சுளிப்பார்களோ என்ற அச்சம் வேண்டாம். சாப்பாட்டின் விலைக்குள்ளேயே ரொட்டியும் தண்ணீரும் அடக்கம் என்பது 1967ஆம் ஆண்டின் அரசாணை முதலே அங்கு நிலைத்துவிட்ட வழக்கம். குப்பையைக் குறைப்பதற்காக 2020இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இதை இன்னும் ஒரு படி முன்னே நகர்த்தியது: 2022 ஜனவரி 1 முதல், இலவசக் குடிநீர் கேட்டுப் பெறலாம் என்பதை உணவகங்களும் மதுக்கூடங்களும் மெனுவிலோ கண்ணில் படும் இடத்திலோ எழுதி வைக்க வேண்டும். உரிமையைக் கொடுப்பதோடு நிற்காமல், உரிமை இருப்பதையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூச்சப்படுபவருக்கு அச்சிட்ட அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை என்பதை உங்கள் கேள்வியே காட்டுகிறது.

இதே உரிமை வேறு நாடுகளில் வேறு காரணத்தால் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது மது உரிமத்தோடு சேர்ந்து வந்தது. கடையிலேயே அமர்ந்து மது அருந்த உரிமம் பெற்ற இடங்கள், வாடிக்கையாளர் கேட்டால் குழாய்க் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்ற நிபந்தனை 2010இல் அமலுக்கு வந்தது. குடிப்பவர்கள் இடையிடையே தண்ணீர் குடித்தால் போதையும் அதனால் வரும் தொல்லையும் குறையும் என்பதே அதன் நோக்கம். ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. இதன் விளைவாக, லண்டனில் மது விற்கும் உணவகத்தில் உங்களுக்குள்ள உரிமை, மது விற்காத சிறிய சிற்றுண்டிக் கடையில் சட்டப்படி இருக்காது. அங்கும் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள் என்பது வேறு. ஸ்பெயினில் 2022ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம், பாட்டிலில் அடைக்காத தண்ணீரை உணவகங்கள் எப்போதும் இலவசமாகத் தர முன்வர வேண்டும் என்று சொல்கிறது. அங்கே அக்கறை பிளாஸ்டிக் குப்பையைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020ஆம் ஆண்டுக் குடிநீர் நெறிமுறை இவ்வளவு தூரம் போகவில்லை. உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருவதை நாடுகள் ஊக்குவிக்கலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. ஆகவே ஐரோப்பா முழுவதற்கும் பொருந்தும் ஒரே விதி என்று எதையும் நம்பிச் செல்ல வேண்டாம்.

ஜெர்மனியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்குள்ள குழாய்த் தண்ணீர் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. தங்கும் அறையில் தயங்காமல் குடிக்கலாம். ஆனால் உணவகம் அதைத் தந்தாக வேண்டும் என்ற சட்டம் இல்லை, தரும் வழக்கமும் குறைவு. இதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சமையலில் கிடைக்கும் லாபம் சிறியது. கூலியும் வாடகையும் பெருமளவு பானங்களின் விற்பனையிலிருந்துதான் ஈடுகட்டப்படுகின்றன. ஒரு மேசையில் நால்வர் அமர்ந்து நால்வரும் வெறும் தண்ணீர் கேட்டால், கடைக்காரர் கணக்கில் அந்த மேசை நட்டம். அதனால் ஓர் ஆப்பிள் சாறோ காபியோ வாங்கிக்கொண்டு, "மாத்திரை போட வேண்டும், ஒரு கோப்பைக் குழாய்த் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மது விற்கும் இடத்தில், விலை குறைந்த மதுவைவிட விலை அதிகமாகாத மதுவற்ற பானம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜெர்மானிய உணவகச் சட்டம் சொல்கிறது. குடிக்காதவர் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கும் உண்டு. அது தண்ணீர் வரை எட்டவில்லை, அவ்வளவுதான்.

வியன்னா உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும். காபி கேட்டால் சிறிய உலோகத் தட்டில் காபியும் அருகில் ஒரு கண்ணாடிக் கோப்பை நிறையத் தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. முதல் மலைநீர்க் குழாய்த் தடம் 1873இல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1910இல். நகரமே அதைப் பெருமையாகக் கருதுகிறது. ஆனால் காபி இல்லாமல் தண்ணீர் மட்டும் கேட்டால் சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு. ரோமுக்குப் போக நேர்ந்தால் உணவகத்தில் பாட்டில் வாங்க வேண்டியிருக்கும். வெளியே வந்தால், 1874 முதல் நிறுவப்பட்ட சுமார் 2,500 தெருக் குழாய்களில் குளிர்ந்த நல்ல தண்ணீர் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் கதையே வேறு. மெனு வருவதற்கு முன்பே பெரிய கோப்பையில் பாதிக்கு மேல் ஐஸ் கட்டியோடு குழாய்த் தண்ணீர் வரும். குறையக் குறைய நிரப்புவார்கள். 2015இல் கடும் வறட்சியின்போது, கேட்டால் மட்டுமே தண்ணீர் பரிமாற வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், கேட்காமல் தருவது அங்கே எவ்வளவு ஊறிப்போன பழக்கம் என்று புரிந்துகொள்ளலாம். இந்த ஐஸ் மோகத்துக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றிய ஃபிரெடெரிக் டியூடரின் வியாபாரத்துக்காக 1842இல் கட்டப்பட்டதுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையோரம் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ். அதே அமெரிக்காவில்தான் ஃபிளின்ட் நகரில் 2014இல் நீராதாரத்தை மாற்றியபோது பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கரைந்து பெரும் துயரம் நேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பணக்கார நாடு என்பதால் மட்டும் எல்லாக் குழாயும் நல்லதாகிவிடாது.

ஜப்பானில் குளிர்ந்த தண்ணீர் உட்கார்ந்த உடனே வரும், காசு கிடையாது. சீனாவில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க மாட்டார்கள். மேசைக்கு வருவது வெந்நீர் அல்லது தேநீர். குவாங்டாங் பக்கத்தில் சாப்பிடும் கிண்ணங்களையே அந்தச் சூடான தேநீரில் அலசிய பின்புதான் சாப்பாட்டில் கை வைப்பார்கள். கேரளத்தில் பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாக மேசைக்கு வருவதும், நம் வீடுகளின் சீரகத் தண்ணீரும் இதே அறிவிலிருந்து வந்தவைதான். குழாயை நம்ப முடியாத இடத்தில் அடுப்பை நம்பியிருக்கிறார்கள்.

இனி நம் ஊர். 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டப்படி எந்த ஐந்து நட்சத்திர ஓட்டலும் வருபவர் எவருக்கும் இலவசத் தண்ணீர் தர வேண்டும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அது சரியன்று. வழிப்போக்கர்கள் தங்கும் சத்திரங்களைப் பற்றிய அந்தச் சட்டம், அங்குள்ள கிணறு, குளம் முதலிய நீர்நிலைகளை மாஜிஸ்திரேட் மனநிறைவு அடையும்படி துப்புரவாக வைத்திருக்கும் கடமையைச் சத்திரக்காரர்மீது சுமத்துகிறது. உணவக மேசையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்களும் உணவகங்களும் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே வாடிக்கையாளர் வாங்குவது தண்ணீரை மட்டுமன்று, இடம், பரிமாறல் எல்லாம் சேர்ந்த சேவையை என்பது அதன் வாதம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே பாட்டிலின் மூடியைத் திருகத் தொடங்கும் சர்வரின் அவசரத்துக்குப் பின்னால் இந்த வரவு இருக்கிறது. மூடி திறப்பதற்கு முன் "சாதா தண்ணீர் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். திறந்துவிட்டால் பிறகு வாதாட வேண்டியிருக்கும்.

அந்தச் சாதா தம்ளரை நான் அற்பமாக நினைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ரயில் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை என்று தண்ணீரே பிரிந்து கிடந்த நாடு இது. தமிழ்நாட்டுக் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் சாதி பார்த்துக் குவளையைப் பிரித்த இரட்டைக் குவளை முறை, சட்டம் தடுத்த பிறகும் நெடுங்காலம் நீடித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைகளையும் உணவகங்களையும் ஒரே மூச்சில் கிணறுகளோடும் குளங்களோடும் சேர்த்துச் சொல்லி, எவரையும் சாதி மத அடிப்படையில் தடுக்கக் கூடாது என்கிறது. உள்ளே வருபவர் யார் என்று கேட்காமல், ஒரே ஜக்கிலிருந்து ஒரே மாதிரித் தம்ளரில் எல்லாருக்கும் ஊற்றப்படும் தண்ணீர் போராடிப் பெற்ற ஒன்று. காசுள்ளவருக்குப் பாட்டில், இல்லாதவருக்கு ஜக் என்று மேசை மறுபடியும் இரண்டாகப் பிரிவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவேதான் அந்த ஜக்கில் இருப்பது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். சென்னையில் சிக்கல் எங்கே வருகிறது என்று பார்ப்போம். புழல், செம்பரம்பாக்கம், வீராணம், கிருஷ்ணா நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எனப் பல இடங்களிலிருந்து வரும் தண்ணீர், சுத்திகரித்துக் குளோரின் கலந்துதான் குழாயில் விடப்படுகிறது. ஆனால் குழாயில் நாள் முழுவதும் அழுத்தம் இருப்பதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் வெற்றாகும் குழாய், விரிசல் இருக்கும் இடத்தில் சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிந்தால் அதையும் இழுக்கும். நெதர்லாந்தில் குளோரினே கலக்காமல் தண்ணீர் விநியோகிக்க முடிவதற்கு முக்கியமான காரணம், கசிவு குறைந்த குழாய்களில் எப்போதும் அழுத்தம் இருப்பதுதான். நம் தண்ணீரோ அதன் பிறகு தரைக்குக் கீழே இருக்கும் சம்ப்புக்கும், அங்கிருந்து மாடித் தொட்டிக்கும் போகிறது. மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர்) போதாத நாளில் அதே சம்ப்பில் தனியார் லாரித் தண்ணீரும் விழுகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிய ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்த 2019 ஜூலையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கோடையில் லாரிக்காகக் காத்திருக்காத உணவகமே குறைவு.

நான் பயிற்சிக்குப் போகும் இடங்களில் முதலில் கேட்பது, தண்ணீரில் உள்ள குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் என்ற சிறு கருவியை. சிறு கண்ணாடிக் குழலில் குழாய்த் தண்ணீரைக் கோடு வரை பிடித்து, ஆர்த்தோ டாலிடின் கரைசலைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் வெளிர் மஞ்சளாக மாறும். அந்த நிறத்தைப் பக்கத்திலுள்ள அளவு நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தியத் தரநிலைப்படி ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். தெருக் குழாயில் மஞ்சள் காட்டும் தண்ணீர், அதே கட்டடத்தின் மாடித் தொட்டிக் குழாயில் நிறமே மாறாமல் நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் கரித் தட்டு குளோரினையும் நீக்கிவிடுகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. குளோரின் இல்லாத தண்ணீரில் பிறகு விழும் அழுக்கைத் தடுக்க எதுவும் இல்லை. மதிய நெரிசலில் நான்கு தம்ளர்களின் வாய்க்குள் நான்கு விரல்களை விட்டு ஒரே கையில் தூக்கிவரும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய நொடியில் அந்த விரல்கள் எச்சில் இலையை மடித்திருக்கலாம், மேசைத் துணியைப் பிழிந்திருக்கலாம். எத்தனை ஆயிரம் ரூபாய் இயந்திரமும் அந்த நான்கு விரல்களுக்கு ஈடு கொடுக்காது. தம்ளரின் அடிப்பாகத்தைப் பிடிப்பதும், ஜக்கைத் திறந்த பாத்திரத்தில் முக்கி எடுக்காமல் குழாய் வைத்த பாத்திரத்திலிருந்து நிரப்புவதும் செலவில்லாத மாற்றங்கள். சொல்லிக் கொடுத்த இடங்களில் ஊழியர்கள் அக்கறையோடு பின்பற்றுகிறார்கள்.

பாட்டில் வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்பதும் பாதி உண்மைதான். தேங்காய்ச் சட்னியை எந்தத் தண்ணீர் ஊற்றி அரைத்தார்கள்? மோரில் எது கலந்தது? இலையில் தெளித்ததும் சாற்றில் போட்ட ஐஸும் எங்கிருந்து வந்தன? சாம்பாரும் ரசமும் கொதித்துவிடுகின்றன, இவை கொதிப்பதில்லை. சமையலறையின் தண்ணீரை நம்ப முடியாத கடையில் பாட்டில் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. நம்ப முடிந்த கடையில் பாட்டில் தேவையே இல்லை. உணவுத் தொழிலில் பயன்படும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் முன்பே சொல்லிவிட்டன. அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றும் உணவகத்துக்கு, மேசையில் தம்ளர் வைப்பதால் கூடுதலாக ஒரு செலவும் இல்லை.

உங்கள் அம்மாவோடு சென்னையில் சாப்பிடப் போகும்போது "வெந்நீர் கொடுங்கள்" என்று கேளுங்கள். சைவ உணவகங்களில் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் கொண்டுவருவார்கள். கை வைக்க முடியாத சூட்டில் வந்தால் அது காய்ச்சியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வெதுவெதுப்பாக வந்தால் பச்சைத் தண்ணீர் கலந்திருக்கலாம், மாற்றித் தரச் சொல்லலாம். ஐரோப்பாவில் வெந்நீர் கேட்டால் தேநீராகக் கணக்கிட்டுக் காசு வாங்கும் கடைகள் உண்டு என்பதால், தங்கும் அறையின் கெட்டிலில் காய்ச்சி ஒரு சிறிய ஃபிளாஸ்கில் எடுத்துச் செல்வது நல்லது. இங்கே உணவகம் நடத்துபவர் யாராவது இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள்: மாடித் தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டியின் மேல் எழுதுங்கள், குளோரின் அளவைத் தினமும் காலையில் குறித்து வையுங்கள், மெனுவின் முதல் வரியில் "குடிநீர் இலவசம், தயங்காமல் கேளுங்கள்" என்று அச்சிடுங்கள்.